ஹாரன் கேட்டால் கதவைச் சாத்து

அத்தியாயம் 9

ஜெசிகா ஒரு பழைய டட்சன் பிக்கப்பை வாங்கினாள் என்பதும், வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரோடும் சுமுகமாகப் பேசிக்கொள்வதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஜெசிகாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. சுங்கைப் பட்டாணியில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை. சம்பாதித்ததில் நகை வாங்கு, வீட்டுக்கு முன்பணம் கட்டு என்று ஊரே புத்தி சொல்லிக்கொண்டிருந்தது. அவளோ கரங்கானில் ஒரு டுரியான் தோட்டத்துக் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த வண்டியை விலை பேசி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டாள். அது அவளுடைய முதல் வண்டி. சீட்டுக்கடியில் இரண்டு முட்டைகள்கூட இருந்தன.

அப்பா ரோனால்ட் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை ஜேன் அவருக்கும் சேர்த்துப் பேசினாள்.

ஜேன் ரோனால்டின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஜெசிகாவின் அம்மா ஃபெலிசியா இரண்டாவது பிரசவத்தில் இறந்தபோது ஜெசிகா சின்னக் குழந்தை. பிறந்த தம்பியும் தங்கவில்லை. அன்று முதல் ஜெசிகாவுக்குத் தலைவாரிவிட்டது, காய்ச்சலுக்குக் கண் விழித்தது, சர்ச்சில் முதல் நன்மை வாங்கும் நாளுக்கு வெள்ளைக் கவுன் தைத்தது எல்லாம் இந்த அத்தைதான். அவளைத் திட்டும் உரிமை உலகத்தில் ஒருவருக்கு உண்டென்றால் அது ஜேனுக்குத்தான் உண்டு, அதை அவள் வீணாக்கியதும் இல்லை.

போன வாரம் நடந்ததைத்தான் பலரும் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், வண்டிக் கதவின் பச்சைப் பெயிண்டைச் சுரண்டியபோது அடியில் மெராவான் எஸ்டேட் என்ற எழுத்துகள் தெரிந்தன. இவர்கள் குடும்பம் இருந்த ரப்பர் எஸ்டேட் அதுதான். ரத்தம் நிற்காமல் கிடந்த ஃபெலிசியாவை கூலிம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதும், பாதி வழியில் அவள் உயிர் போனதும் இதே வண்டியில்தான். ரோனால்ட் அப்போது சிங்கப்பூரில் வேலையாக இருந்தார். அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்.

அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ரோனால்ட், "இது நம்ம வீட்டுலயே இருக்கட்டும்மா" என்றார். ஜேன் அன்று சாப்பாட்டைத் தொடவில்லை.

இனி இந்தச் சனிக்கிழமை.

விடிந்தும் விடியாமலும் இருந்த நேரத்தில் ஹாரன் அலறியது.

விட்டுவிட்டு இல்லை. ஒரே மூச்சாக, நீளமாக. ஜெசிகா கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினாள். வண்டிக்குள் யாரும் இல்லை. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அவளே மாட்டியது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

ரோனால்ட் காப்பிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"நீ அமுக்கினியாம்மா?"

"நான் இப்பதான்பா எந்திரிச்சு வர்றேன்."

பேனட்டைத் திறந்து, ஒரு துணியைச் சுற்றி பேட்டரி வயரைப் பிடுங்கினாள். சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் தெரு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது. ரோனால்ட் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே புதிதாக வெல்டிங் வைத்த தகரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"அவதான் வந்துட்டுப் போறா போல" என்றார் மெதுவாக. விளையாட்டாகச் சொல்கிற மனிதர் இல்லை அவர்.

ஜெசிகா பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள், எக்ஸ்ரே எடுப்பவள், பேய் பிசாசு என்றால் சிரிப்பவள். ஆனால் பார்த்த முகமே நினைவில் இல்லாத ஓர் அம்மாவை நினைத்துப் பயப்படுவதற்குப் படிப்பு தடையாக இருக்கவில்லை.

உள்ளே போகலாம் என்று இருவரும் திரும்பினார்கள். வாசல் கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் திறக்கவில்லை, உள்தாழ்ப்பாள். ஜன்னல்களும் சாத்தியிருந்தன.

ரோனால்ட் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து ஜேன் வந்து திறந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன் தாப்பா போட்டீங்க அத்தை? நாங்க வெளிய நிக்கறோம்ல."

"காத்து" என்றாள் ஜேன்.

காற்றே இல்லை. அடுப்பு அணைந்திருந்தது. கல்லில் தோசை ஒரு பக்கம் வெந்தும் மறு பக்கம் மாவாகவும் கிடந்தது. ரோனால்ட் அதையெல்லாம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் குளிக்கப் போனார்.

வயரிங் வேலை செய்யும் வசந்தன் பத்து மணி வாக்கில் வந்தான். ஜெசிகாவோடு ஆறாம் வகுப்பு வரை படித்தவன். அந்த உரிமையில் வண்டியைப் பற்றி எதையும் சொல்லுவான்.

"தகரக் கடைக்குப் போட்டிருந்தா ஒரு நல்ல சைக்கிள் வாங்கியிருக்கலாம் நீ."

"வாய மூடிட்டு வேலையப் பாருலா."

"பேய் ஹாரன் அடிச்சிச்சாமே. தாமான்ல எல்லா வீட்டுலயும் அதான் பேச்சு."

ஸ்டியரிங்கைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு வயரை இழுத்துக் காட்டினான். மேல்தோல் உரிந்து செம்பு தெரிந்தது.

"இந்தா உன் பேய். இது இரும்புல பட்டா ஹாரன் அடிக்கும், ஆள் வேணாம், சாவியும் வேணாம். எலி கடிச்சிருக்கும், இல்ல தேய்ஞ்சிருக்கும்." புது வயர் போட்டு டேப் சுற்றி, ஒருமுறை அமுக்கிப் பார்த்தான். சின்னதாக ஒரு சத்தம். வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

ஜெசிகாவுக்கு அப்பாடா என்றிருந்தது. இன்று சாயங்காலம் பூசை முடிந்ததும் ஃபாதர் வந்து வண்டியை மந்திரிப்பதாகச் சொல்லியிருந்தார். துருப்பிடித்த தரையை மாற்றி, கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவி, சீட்டுக்கு உறை தைத்து, போன வாரம் பரிசோதனையிலும் தேறியாயிற்று. தீர்த்தம் தெளித்துவிட்டால் ரோட்டுக்கு இறக்க வேண்டியதுதான். பழைய வயர்த் துண்டை எடுத்துக்கொண்டு அத்தையிடம் காட்ட உள்ளே ஓடினாள்.

ஜேன் சமையலறையில் இல்லை. படுக்கையறையில் ஒரு பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க அத்தை கிளம்பிட்டீங்க?"

"பெண்டாங்குக்கு. நம்ம எஸ்டேட்டுப் பிச்சையம்மா வீட்டுல கொஞ்ச நாள் இருக்கேன்."

"இப்பவா? சாயங்காலம் ஃபாதர் வர்றாரு."

"அதான் போறேன். அந்த வண்டி இங்க இருக்கற வரைக்கும் நான் இங்க இருக்க மாட்டேன். வித்துடு, வந்துடறேன்."

ஜெசிகா வயரை நீட்டினாள். "பாருங்க. இதுதான் சத்தம் போட்டுச்சு. பேயும் இல்ல, ஹாந்தும் இல்ல."

ஜேன் அதை வாங்கிப் பார்த்தாள். "சரி" என்றாள். பையில் இன்னொரு புடவையை வைத்தாள்.

ஜெசிகா பையின் ஜிப்பை இழுத்து மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். சிறு வயதில் அடம் பிடிக்கும்போது செய்வது.

"காலைல கதவ ஏன் சாத்துனீங்க? அடுப்ப ஏன் அணைச்சீங்க? உண்மையைச் சொன்னாத்தான் எந்திரிப்பேன்."

ஜேன் கட்டிலின் மறு முனையில் உட்கார்ந்தாள். வெளியே ரோனால்ட் குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னாள்.

"எஸ்டேட்டுல சவம் தூக்கிட்டுப் போறதும் இந்த வண்டிதான். லயத்து வீட்டு வரிசை முனையில திரும்பறப்ப டிரைவர் ஹாரன நீளமா அமுக்குவாரு. கேட்டதும் கதவ சாத்தணும், அடுப்ப அணைக்கணும், புள்ளைங்கள உள்ள இழுத்துக்கணும். வண்டி தாண்டிப் போனப்பறம்தான் தொறக்கணும். வேதக்காரங்க, சாமி கும்பிடறவங்கன்னு வித்தியாசமெல்லாம் கெடையாது, எல்லா வீட்டுக்கும் அதுதான் பழக்கம்."

"அதுக்காக இன்னைக்கும் சாத்துனீங்களா?"

"நான் சாத்தல. கை சாத்திடுச்சு."

பிறகு தானாகவே தொடர்ந்தாள்.

"அன்னைக்கு அண்ணிக்கு வலி வந்து, விடியறதுக்குள்ள டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மத்தவங்கல்லாம் பால் வெட்டப் போயாச்சு. நான் உன்ன வச்சிக்கிட்டு வீட்டுல. அண்ணிக்கு ரத்தம் நிக்கல, கூலிமுக்குக் கொண்டு போகணும், பின்னால தலையப் புடிச்சிக்க ஒரு பொம்பள வேணும்னு டிரைவர் அழகேசன் வண்டிய லயத்துக்குத் திருப்பியிருக்காரு. எறங்கி வந்து கதவத் தட்டியிருக்கலாம். ஆனா வண்டிக்கு ஸ்டார்ட்டர் கெட்டுப் போயிருந்துச்சு. ஆக்சிலேட்டர்லேந்து கால எடுத்தா இஞ்சின் நின்னுடும், தள்ள ஆளில்ல. அதனால உக்காந்த எடத்துலேந்தே ஹாரன அமுக்கினாரு."

ஜெசிகாவுக்கு மெதுவாகப் புரிந்தது.

"நீளமா அமுக்கினாரா?"

"ஆளு வரணும்னு நீளமாத்தான் அமுக்கினாரு. ஆளு இருந்த நாலு வீடும் கதவ சாத்துச்சு. நானும் சாத்திட்டேன். அவரு பாத்துட்டுத் தனியாவே போயிட்டாரு."

"அப்பாட்ட என்ன சொன்னீங்க?"

"உன்னத் தூக்கிட்டுப் பால் நிறுக்கற கொட்டாய்க்குப் போயிட்டேன், வண்டி வந்ததே தெரியாதுன்னு."

"இத்தன வருஷமாவா?"

ஜேன் தலையை ஆட்டினாள். "அண்ணன் என்ன ஒருநாள் ஒரு வார்த்த கேட்டதில்ல. சம்பளத்த அப்படியே என் கையிலதான் குடுப்பாரு. எம்மேல அவ்ளோ நம்பிக்க. இது தெரிஞ்சா எனக்கு அண்ணன் இல்ல, வீடும் இல்ல, நீயும் இல்ல."

ஜெசிகாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஓடாத ஸ்டார்ட்டர் மேலா, அந்தப் பழக்கத்தின் மேலா, எதிரில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் இந்த மனுஷி மேலா? தலையைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி இருந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தனியாகச் செத்திருக்க மாட்டாள். அடுத்த நிமிடமே, தனக்குத் தலைவாரிவிட்ட கைகளைப் பார்த்ததும் அழுகையும் வந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியாதுல்ல அத்தை. சவ வண்டின்னு நெனச்சுத்தான சாத்துனீங்க."

ஜேன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் அப்பாட்ட சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லணும். பெண்டாங்குக்குப் போறதா இருந்தாலும் சொல்லிட்டுப் போங்க."

பையின் மேலிருந்து எழுந்துகொண்டாள். ஜேன் பையை எடுக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை.

மத்தியானம் முழுவதும் ஜெசிகா வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள். வசந்தன் கூலியை வாங்கிக்கொண்டு, "முகத்தப் பாத்தா வண்டி வாங்கின ஆளு மாதிரியே இல்ல" என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போனான். அவள் சிரித்தாள் என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

ரோனால்ட் மட்டும் சந்தோஷமாக இருந்தார். அதுதான் அவளை அதிகமாக வதைத்தது. டயரைக் கழுவினார். கண்ணாடியில் ஒரு ஜெபமாலையை மாட்டினார். வண்டியின் பின்தரையை மட்டும் யாரையும் தொடவிடாமல் தானே மண்டி போட்டுத் துடைத்தார். மாலை ஆனதும் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மீண்டும் வந்து நின்றார்.

"ஃபாதர் மந்திரிச்சதும் கரங்கான் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். நான் ஓட்டறேன். அத்தைய முன்னால உக்காத்தி வச்சிக்குவோம்."

"அத்தை வருவாங்களான்னு தெரியலப்பா."

"வருவா."

ஜேன் வந்தாள். கையில் பை இல்லை. பூசைக்குக் கட்டும் நீலப் புடவை கட்டி, தலையை அழுந்த வாரியிருந்தாள். படியிறங்கி வந்து வண்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். இந்த வண்டி வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அதற்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. ஜெசிகா கையில் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ரோனால்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "பின்னால இங்கதான், ஜேன், அவளப் படுக்க வச்சிருந்தாங்க. தொணைக்கு ஒருத்தரும் இல்லாமப் போயிட்டா. அது ஒண்ணுதான் எனக்கு ஆறல."

"நான் இருந்தேன் அண்ணே."

அவர் கை நிற்கவில்லை.

"கொட்டாய்க்குப் போகல. வீட்டுலதான் இருந்தேன். ஹாரன் கேட்டுச்சு, கதவ சாத்திட்டேன்."

"தெரியும்" என்றார் ரோனால்ட்.

ஜெசிகாவின் கையிலிருந்த வாளியில் தண்ணீர் தளும்பிக் காலில் கொட்டியது.

"அடக்கத்தன்னைக்கே அழகேசன் சொல்லிட்டான். கல்லறையில வச்சு, என் தோளப் புடிச்சிக்கிட்டு அழுதுக்கிட்டே சொன்னான். எந்தெந்த வீடு சாத்துச்சுன்னு சொன்னான்."

"அப்பா, தெரிஞ்சுமா இத்தன வருஷம் பேசாம இருந்தீங்க?"

"கேட்டா இவ போயிடுவா. உன்ன வளக்க எனக்கு வேற யாரு இருந்தா?" அதைக் கணக்குப் போல்தான் சொன்னார், கோபமாகச் சொல்லவில்லை. "அதனால கேக்கல. இப்ப நீ வளந்தாச்சு. காலைல இவ கதவ சாத்தினதப் பாத்ததும், இன்னைக்குக் கேட்டுடலாம்னு இருந்தேன்."

துணியை மடித்து வண்டியின் மேல் வைத்தார். முதல் முறையாகத் தங்கையை நேராகப் பார்த்தார்.

"சாத்தினத நான் தப்பு சொல்லல. லயத்துப் பழக்கம், எங்கம்மாவும் சாத்தியிருப்பாங்க. ஆனா அழகேசன் இன்னொண்ணும் சொன்னான். உன் வாசல்ல வண்டி நின்னப்ப ஃபெலிசியாவுக்கு நெனவு இருந்துச்சாம். உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாளாம். நம்ம வாசலுக்கும் ரோட்டுக்கும் எவ்ளோ தூரம் இருக்கும்னு எனக்குத் தெரியும். அவ கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா, கேக்கலியா?"

கேட்கவில்லை என்று சொல்லிவிடுங்கள் அத்தை என்று ஜெசிகா மனதுக்குள் கெஞ்சினாள். அந்த ஒரு பொய்யில் இந்த வீடு பிழைத்துக்கொள்ளும். அவரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"கேட்டுச்சு" என்றாள் ஜேன்.

தெருமுனையில் ஃபாதரின் கார் திரும்பியது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஹாரன் கேட்டப்பவே அண்ணி போயிட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கப்பறம் ஜேன், ஜேன்னு கூப்பிடற சத்தம். பிரசவத்துல செத்தவ பொந்தியானாக் பேயா வருவா, விட்டுட்டுப் போன புள்ளையத் தேடி வருவா, பேரச் சொல்லிக் கூப்பிட்டா பதில் குடுக்கக் கூடாதுன்னு எத்தன தடவ கேட்டு வளந்தோம். புள்ளையக் கொண்டு போகத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சேன் அண்ணே. செத்தவங்க கூப்பிடறாங்கன்னுதான் நெனச்சேன்."

ரோனால்ட் வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பதில் சொல்லல. ஆனா பாப்பாவுக்கு அம்மா கொரல் தெரிஞ்சுடுச்சு. அம்மான்னு கதவுக்கு ஓடிச்சு." ஜேன் இப்போது அண்ணனைப் பார்க்கவில்லை, ஜெசிகாவைப் பார்த்தாள். "ஓடிப் போயி உன் வாயப் பொத்தினேன். வண்டி போற சத்தம் அடங்கற வரைக்கும் பொத்திக்கிட்டே இருந்தேன். நீ என் கையக் கடிச்ச. அப்பவும் விடல."

வெளிக்கேட் அருகில் கார் நின்றது. ஃபாதர் தீர்த்தச் செம்போடு இறங்கி, சிரித்த முகமாக வந்தவர், மூவரையும் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

ரோனால்ட் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். புது ஸ்டார்ட்டர், ஒரே திருகில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏறு ஜேன்."

அவள் முன்பக்கம் வந்தாள்.

"இங்க இல்ல. பின்னால."

ஜேன் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பின் டயரில் கால் வைத்து, தடுமாறி, அண்ணன் அவ்வளவு நேரம் துடைத்து வைத்திருந்த அந்தத் தரையில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, எங்க போறீங்க? ஃபாதர் வந்துட்டாரு."

"கூலிமுக்கு" என்றார் ரோனால்ட். வண்டி மெதுவாக நகர ஆரம்பித்தது.

ஜெசிகா வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய், தானும் பின்னால் ஏறிக்கொண்டாள்.